நாலாம் நம்பர் கூடு

பிப்ரவரி 18, செவ்வாய்

நான் அப்போதே சொன்னேன். பின்னால் யாரும் மறுத்துப் பேசக் கூடாது என்பதற்காக இதை இந்த நோட்டின் முதல் வரியாக எழுதி வைக்கிறேன். இந்தக் கரைக்கு ஆமை முட்டையிட வரும், வனத்துறை அனுமதி கொடுக்கும், கம்பி வேலி போட்டு முட்டை பொரிப்பகம் வைப்பார்கள், அதற்குப் பொறுப்பாக என் அக்கா மகள் நித்யகலாவே வருவாள், பகல் காவலுக்கு ஆள் தேடி அலைந்து கடைசியில் இந்தத் தங்கையனிடம்தான் வந்து நிற்பாள். இத்தனையும் போன ஐப்பசியிலேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது நித்யாவோடு ஆமை ரோந்துக்குப் போகிறார்கள்.

என்னைப் பற்றி நாலு வரி. வயது ஐம்பத்தெட்டு, பார்த்தால் நாற்பத்தைந்து. படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. பிறகு பல்லடம் பக்கம் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் பதினாலு வருஷம். என் கைப்பட வெளியே வந்த குஞ்சு இருபது லட்சம் இருக்கும். மெஷின் பொரித்தது என்பாள் நித்யா. மெஷினுக்குச் சுவிட்சு போட்டது யார்?

நோட்டு அவள் கொடுத்ததுதான். "மாமா, காவல்ல இருக்கறப்ப கண்ணால பாக்கறத எழுதுங்க. உள்ளத மட்டும் எழுதுங்க" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

விடியும்போது வந்தேன். ராத்திரி ரோந்து போனவர்கள் கரையில் கண்டெடுத்த மூன்றாவது கூட்டின் முட்டைகளைத் துணிப்பையில் கொண்டு வந்து புதைத்து முடித்திருந்தார்கள். வேலிக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் பானை மாதிரி குழி, அதில் முட்டை, மேலே ஈர மணல், அதற்கும் மேலே கவிழ்த்த மூங்கில் கூடை. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு வெப்பமானிக் கம்பி போகிறது. நம்பர் எழுதிய பலகை ஒன்று.

என் வேலை: நண்டு விரட்டுவது, காக்கை விரட்டுவது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது. மூன்றாவது வேலையை நித்யா தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

குளியலறைச் சுவரில் ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிறிய நிறம், விரல் நுனியெல்லாம் வட்டம். ஒரு கரப்பான்பூச்சியைக் கவ்வி விழுங்கியது. விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. "ருசியில மூடுது பார்" என்றேன். "இல்ல மாமா, கண்ணாலதான் முழுங்குது" என்றாள் நித்யா. தவளையின் கண்முழி உள்ளே இறங்கி, வாயில் இருக்கிற இரையைத் தொண்டைக்குள் தள்ளுமாம். நான் போய் இன்னொரு கரப்பானைப் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். கண் இரண்டும் தலைக்குள் போய்த் திரும்பி வருகிறது. ஐம்பத்தெட்டு வருஷமாகத் தவளையோடு குளித்திருக்கிறேன். ஒரு நாளாவது கவனித்தேனா?

பிப்ரவரி 22, சனி

கல்லூரிப் பெண்கள் பதினைந்து பேர் வந்தார்கள். இங்கே வருகிற பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும்போது கண்ணீர் விடும், அது பிரசவ வேதனை, நானே மண்டியிட்டு அதன் கண்ணைத் துடைத்துவிட்டிருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு பெண்கள் கண்கலங்கினார்கள். பின்னாலிருந்து நித்யாவின் குரல்: "அது அழுகை இல்லம்மா. உப்பு. கடல்ல சாப்பிடறப்ப உள்ள போற அதிக உப்பக் கண்ணு பக்கத்துல இருக்கற சுரப்பி வழியா வெளிய தள்ளுது."

யோசித்துப் பார்த்தால் என் கதையைவிட இது பெரிய விஷயம். நானும்தான் கருவாடு தின்கிறேன். உப்பால் ஏறுகிற பிரஷருக்கு மாத்திரை போடுகிறேன், இது கண்ணாலேயே கணக்கைத் தீர்த்துவிடுகிறது.

கருவாட்டுக்காரி செங்கமலம் வேலிக்கு அந்தப் பக்கம்தான் மீன் காயப்போடுகிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். "ஏண்ணே, துடைச்சது துண்டாலயா, கைக்குட்டையாலயா?" என்றாள். அவள் நாய் சூரை பக்கத்தில் படுத்திருந்தது. அதுவும் என்னைத்தான் பார்த்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாலாம் நம்பர் கூடு. நூற்றுப்பன்னிரண்டு முட்டை. நான் நூற்றிருபது என்றேன், நித்யா மறுபடி எண்ணினாள், நூற்றுப்பன்னிரண்டு. சரி, அவள் எண்ணியதே இருக்கட்டும். முட்டை பார்க்க டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி இருக்கிறது. கோழி முட்டை மாதிரி கெட்டி ஓடு இல்லை. அமுக்கினால் குழி விழுகிறது, விட்டால் மெல்ல எழும்புகிறது.

இன்றைக்குக் கேட்ட செய்தியை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பது இடும்போது முடிவாவதில்லையாம். மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசம்தான். அதற்குத்தான் வெப்பமானிக் கம்பி, அதற்குத்தான் வெயில் ஏறினால் மேலே ஓலைப் பந்தல்.

"அடப்பாவமே, உங்கப்பா அஞ்சு பொண்ணு பொறந்ததுக்குக் கோயில் கோயிலா அலைஞ்சார். வீட்டுக்கு ஓலைய மாத்திப் போட்டிருந்தா முடிஞ்சுது" என்றேன். ஐந்தில் கடைசி நித்யா. முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

பந்தல் நிழலில் உட்கார்ந்து மனசைத் திறந்து பேசினாள். இந்தப் பொரிப்பகத்துக்கு மூன்று வருஷம் அலைந்து அனுமதி வாங்கியிருக்கிறாள். இது சோதனை வருஷம். முதல் நாலு கூடு பொரிந்ததும் வனவர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லை என்றால், அடுத்த வருஷத்திலிருந்து இந்தக் கரையின் முட்டையெல்லாம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளித் துறைமுகத்துப் பொரிப்பகத்துக்கு ஜீப்பில் போகும். நம் ரோட்டில் ஜீப் குதித்துக் குதித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதி முட்டை வீணாகும் என்கிறாள். "இங்கயே இருக்கணும் மாமா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இருக்கும் என்று சொன்னேன். நான் சொன்னது எது நடக்காமல் போயிருக்கிறது?

பிப்ரவரி 26, புதன்

காலையிலிருந்து ஒரு யோசனை. இந்தப் படித்த பிள்ளைகள் ஒன்றை மறந்துவிட்டார்கள்.

பல்லடத்தில் மெஷினுக்குள் முட்டைத் தட்டு மணிக்கு ஒரு தடவை சாயும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வீட்டில் அடைகாக்கிற கோழியைப் பாருங்கள், அலகால் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும். உருட்டாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் குஞ்சு இல்லை. இது எனக்குச் சூப்பர்வைசர் கண்ணையா காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

இங்கே உருட்ட யார் இருக்கிறார்கள்? தாய் முட்டையைப் போட்ட கையோடு கடலுக்குப் போய்விட்டாள். நித்யாவிடம் கேட்கலாம். கேட்டால், மாமா பேசாமல் உட்காருங்கள் என்பாள். அனுபவம் இருக்கிறவன் சில காரியங்களைச் சொல்லாமல் செய்ய வேண்டும், பலன் தெரிந்த பிறகு சொல்ல வேண்டும்.

நித்யா மீன்துறை ஆபீசுக்குப் போயிருக்கிறாள். மத்தியானம்தான் வருவாள். கரையில் யாரும் இல்லை.

மாலை: கை கழுவினேன். நகத்துக்குள் இருக்கிற மணல் போகவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

மகளிர் குழுப் பெண்கள் முப்பது பேருக்கு நித்யா பாடம் எடுத்தாள். நானும் கடைசியில் நின்று கேட்டேன்.

ஆமை முட்டை வேறு, கோழி முட்டை வேறு. இட்ட சில மணி நேரத்திலேயே கரு மேலே எழும்பி ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால்தான் அது மூச்சு விடும். அதற்குப் பிறகு முட்டையைத் திருப்பி வைத்தால் கரு பிய்ந்து செத்துப்போகும். அதனால்தான் ரோந்துக்காரர்கள் சீக்கிரமாக ஓடி வருகிறார்கள், மேல் பக்கம் கீழே போகாமல் புதைக்கிறார்கள். "அப்பறம் பொரியற வரைக்கும் ஒரு விரல்கூட படக்கூடாது" என்றாள்.

தலைவலி. இன்றைக்கு இவ்வளவுதான்.

பிப்ரவரி 28, வெள்ளி

நித்யா சுற்றி வந்தாள். நாலாம் நம்பரில் நின்றாள். வெப்பமானிக் கம்பி நாலு விரல் மேலே ஏறியிருக்கிறது, மணல் தட்டிவிட்ட மாதிரி இல்லை, கலைந்திருக்கிறது. "மாமா, இது யார்?" என்றாள்.

நாய் என்றேன். முந்தாநாள் காலையில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு நாய் வேலிக்கடியில் நுழைந்து தோண்டியிருக்கிறது. நான் பார்த்து ஓடி வந்து விரட்டினேன். கன்றுக்குட்டி உயரம், செம்பட்டை நிறம், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது, நான் கட்டையை எடுத்தேன், அது திரும்பி ஓடியது, வால் நுனியில் வெள்ளை. மணலைத் தள்ளிச் சரி செய்துவிட்டேன். நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை.

"வால் நுனியில வெள்ளையா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செம்பட்டையில் வால் நுனி வெள்ளையாக இந்தக் கரையில் இருக்கிற ஒரே நாய் சூரை.

நித்யா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. "வனவர் ஒரே ஒரு நிபந்தனைதான் மாமா போட்டார். நாய்த் தொல்லை இருக்கற கரையில பொரிப்பகம் கெடையாதுன்னார். அப்படியெல்லாம் இல்ல சார்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்."

இந்த நிபந்தனையை அவள் என்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பதிவேட்டில் எழுதினாள்: கூடு 4, நாய் தோண்டியது, தகவல் காவலர் தங்கையன். பதிவேட்டை மறைக்க மாட்டாள். அவள் அப்பா மாதிரி.

மார்ச் 3, திங்கள்

ஊர்ப் பஞ்சாயத்தார் செங்கமலத்திடம் பேசினார்கள். நாயைக் கட்டிப்போட வேண்டும், இல்லையென்றால் வெளியூரில் விட வேண்டும். செங்கமலம் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "எம் புள்ள முட்டை தின்னாதே. நான் குடுத்தாலே மோந்து பாத்துட்டுப் போயிடுமே" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்தீங்களாண்ணே, நல்லா?" என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

சூரையைத் தென்னையில் கட்டியிருக்கிறாள். விரட்ட நாய் இல்லாததால் கருவாட்டில் காக்கை இறங்குகிறது. ஒரு கையில் கம்பு, ஒரு கையில் மீன் என்று நாள் முழுக்கச் சுற்றுகிறாள். நான் வேலிக்குள்ளிருந்து நாலைந்து தடவை காக்கையை விரட்டிக் கொடுத்தேன். "உங்க வேலயப் பாருங்கண்ணே, அப்பறம் நாய் பூந்துடும்" என்றாள்.

மார்ச் 19, புதன்

தண்ணீர் டிரம்மை நகர்த்தியபோது அடியில் ஒரு குருட்டுப் பாம்பு. மண்புழு என்று நினைத்தேன், அவ்வளவுதான் இருக்கிறது. அதற்குச் செதில் இருக்கிறது, குட்டிக் குட்டிக் கறுப்புப் புள்ளியாகக் கண் இருக்கிறது. நித்யா உள்ளங்கையில் எடுத்து வைத்துக் காட்டினாள். கடிக்காது, எறும்பு முட்டையும் கரையான் முட்டையும்தான் தின்னும். பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து கப்பலேறி உலகத்தின் பாதி நாட்டுக்குப் போய்விட்டதாம். ஒன்றே ஒன்று போனாலும் போதும், அங்கே போய்க் குடும்பம் ஆகிவிடும். ஏனென்றால் இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் என்று ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆண் இல்லாமலே முட்டையிட்டு, அதிலிருந்தும் பெண்ணே பிறக்கிறது.

இந்த மாதிரி ஒன்றை நானே கட்டிச் சொல்லியிருந்தால் டீக்கடையில் என்னை அடித்திருப்பார்கள். உள்ளங்கையில் ஒரு நூல் மாதிரி நெளிகிறது, ஆனால் அதன் கதைக்கு முன்னால் என் ஐம்பத்தெட்டு வருஷக் கதை எதுவும் நிற்காது.

செங்கமலமும் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஆம்பளையே கெடையாதா? நிம்மதி. பொய் சொல்ல ஆள் இல்ல பாரு" என்றாள். நித்யா சிரித்தாள். நான் டிரம்மைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன்.

மார்ச் 24, திங்கள்

செங்கமலம் சூரையை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கட்டிப்போட்டதிலிருந்து அது தின்னவில்லையாம். மீன் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். வண்டி மேடு ஏறி மறைகிற வரை நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, எனக்கு வேலை இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. கூடுகளுக்கு மேலே ஓலைப் பந்தலை இரட்டையாக்கினோம். ஆண் குஞ்சும் வேண்டும் அல்லவா.

முதலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அதற்கும் மணல் சூடுதான் ஆண் பெண் முடிவு. ஆனால் முதலை கூட்டை விட்டுப் போகாமல் காவல் இருக்கும். உள்ளேயிருந்து குஞ்சு சத்தம் கொடுத்தால் மண்ணைத் தோண்டி, முட்டையை வாயில் வைத்து மெதுவாக உடைத்து, குஞ்சுகளை அதே வாயிலேயே தூக்கிக்கொண்டு தண்ணீரில் விடும். மாட்டின் எலும்பை நொறுக்குகிற வாய். அதற்குள் குஞ்சு நசுங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

"அப்ப ஆமைக்கு அந்தப் பாசம் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆமை வேற மாதிரி. சரியான இடம் பாத்து, சரியான ஆழம் தோண்டி, மூடி, உடம்பால மணல இடிச்சு இடிச்சுக் கெட்டி பண்ணிட்டுப் போயிடும். அவ்ளோதான் மாமா, அதுக்கு மேல அதால முடியாது. மிச்சத்த மண்ணு பாத்துக்கும்னு நம்பிப் போயிடுது."

நாலாம் நம்பர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அங்கேதான் உட்காருகிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்றாம் நம்பர் பொரிந்தது.

எப்படி எழுதுவது? பொழுது வெளுக்கிற நேரம். கூடைக்குள் மணல் மட்டும் இலேசாகக் குழிந்தது. நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழிந்த இடம் கொதிக்கிற உலை மாதிரி அசைந்தது. ஒரு தலை, இரண்டு தலை, பிறகு எண்ண முடியவில்லை. சாம்பல் நிறம், உள்ளங்கையில் பாதி. எல்லாம் சேர்ந்துதான் தோண்டி வருமாம். அடியில் இருப்பது மேலே இருப்பதை முட்டித் தள்ளும், மேலே இருப்பது மணலைச் சரிக்கும், சரிந்த மணல் மேல் ஏறி அடுத்தது வரும். ஒன்று தனியாக முயன்றால் வெளியே வருவது கஷ்டம். நாலைந்து நாள் தோண்டி மேலே நெருங்கியதும், மணல் சூடாக இருந்தால் அப்படியே காத்திருக்கும். குளிர்ந்தால்தான் வெளியே ஓடும். யார் சொல்லிக் கொடுத்தது? பிறந்து நாலு நாள்.

நூற்றுப்பதினாறில் நூற்றுமூன்று குஞ்சு. தண்ணீர் ஓரம் வரை தூக்கிப் போகலாம் என்று கை நீட்டினேன். நித்யா தட்டிவிட்டாள். அதுவாகத்தான் நடக்க வேண்டும். நடக்கும்போதே இந்தக் கரையை அது மனதில் குறித்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, பெண்ணாக இருந்தால், முட்டையிட இந்தப் பக்கமே திரும்பி வரும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் அதிர்ஷ்டம்.

முதல் அலை வந்து சுருட்டிப்போட்டது. எழுந்து மறுபடி அதே திசைக்குத்தான் போகிறது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்ச் சனம் மொத்தமும் நின்றது. இருநூறு பேர். சரி, அறுபது. செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் என் வாழ்க்கையில் இருபது லட்சம் குஞ்சு பார்த்தவன். இன்றைக்குத்தான் முதல் குஞ்சைப் பார்த்தேன் என்று தோன்றியது.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டும் மூன்றும் பொரிந்தன. ஒன்றில் தொண்ணூற்றெட்டு, ஒன்றில் தொண்ணூற்றைந்து. வனவர் போனில் பாராட்டினாராம். நாலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாலாம் நம்பர். நாற்பத்தொன்பது. அதற்கு மேல் வரவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பொரிந்த கூட்டை மூன்று நாள் விட்டுத் தோண்டி, மிச்சத்தை எண்ணி எழுத வேண்டும். அதுதான் முறை. நாலாம் நம்பரை நித்யா தோண்டினாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேல் அடுக்கில் முழு முட்டைகள். ஒன்று, இரண்டு, என்று எண்ணிக்கொண்டே வெளியே வைத்தாள். அறுபத்து மூன்று. அதற்குக் கீழே எல்லாம் பொரிந்த வெறும் ஓடு. நாற்பத்தொன்பது. கூட்டிப் பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டு.

"ஒண்ணுகூடக் கொறையல மாமா" என்றாள்.

வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

செத்த முட்டைகளைக் கிழித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. குஞ்சு என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு சின்னப் புள்ளி, அதோடு நின்றுவிட்டது. கடைசி வரை வளர்ந்து செத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே முடிந்த கணக்கு.

முட்டைத் தோல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "நாய் வந்தா திங்கும். இல்ல, கடிச்சு வெளிய போடும். இந்த நாய் மேல இருந்த முட்டைய மட்டும் ஒண்ணொண்ணாப் பொரட்டி வச்சிட்டு, எண்ணிக்க கொறையாம, மண்ணையும் மூடிட்டுப் போயிருக்கு."

கடைசித் தோலையும் வரிசையில் வைத்தாள்.

"பல்லடத்துல நாய்க்கு வேல குடுத்தாங்களா மாமா?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபத்துக்கு நான் பதில் வைத்திருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளன்னைக்கு மறுநாள் வனவர் வர்றார். பதிவேட்டுல நான் எழுதினது உங்க தகவல். அத நான் திருத்த மாட்டேன். கையெழுத்துதான் என்னுது, பேச்சு உங்களுது."

ஏப்ரல் 20, ஞாயிறு

கண்ணையா சொன்னது கோழிக்குச் சரி. அவர் மேல் தப்பில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பொரிப்பகம் இங்கேயே இருக்கும். வனவர் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் வேலியை இரண்டு பங்கு பெரிதாக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்கே சொன்னேன், இங்கேயேதான் இருக்கும் என்று.

என் உத்தியோகத்தில் ஒரு மாற்றம். இனி நான் வேலிக்கு வெளியே. தண்ணீர் கொண்டு வந்து வாசலில் வைக்கலாம், பந்தலுக்கு ஓலை பின்னிக் கொடுக்கலாம், வருகிறவர்களிடம் பேசலாம். கூட்டுப் பக்கம் போகக் கூடாது. இந்த விதியை நித்யா பலகையில் எழுதவில்லை, வாயால்தான் சொன்னாள். பேசலாம் என்று அனுமதித்ததே பெரிது. இன்று காலை வந்தவர்களிடம் தவளைக் கண்ணையும் குருட்டுப் பாம்பையும் சொன்னேன். ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்காமலே வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். இத்தனை வருஷம் என்னத்துக்குக் கஷ்டப்பட்டேன் என்று தோன்றியது.

வனவர் மனம் மாறியது எப்படி என்று ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். தங்கையன் ஒரு மணி நேரம் பேசினான், சட்டம் எடுத்து விட்டான் என்றுகூட ஒருவன் டீக்கடையில் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை, அங்கே. இங்கே எழுதிவிடுகிறேன்.

வனவர் பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்தார் நாலு பேர், ரோந்துக்காரர்கள், மகளிர் குழு, கருவாட்டுக் கூடையோடு செங்கமலம். பதிவேட்டைப் புரட்டினார். முதல் மூன்று கூட்டுக்கும் தலையாட்டினார். நாலில் நின்றார். "பாதிக்கு மேல போச்சு. நாய். நான் மொதல்லயே சொன்னேன்ல, நித்யகலா? குஞ்சு கணக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாய் ருசி கண்ட கரையில வருஷா வருஷம் இதுதான் நடக்கும். துறைமுகத்துக்கே மாத்திடலாம்" என்று பேனா மூடியைத் திறந்தார்.

நித்யா என்னைப் பார்க்கவில்லை. மணலில் பதிந்த ஏதோ குஞ்சுத் தடத்தைப் பார்ப்பது மாதிரி நின்றாள்.

நான் எழுந்தேன். "சார், நான் பல்லடத்துல பதினாலு வருஷம், இருபது லட்சம் குஞ்சு" என்று ஆரம்பித்தேன். பஞ்சாயத்தார் ஒருத்தர், "உக்காரு தங்கையா, இப்ப அது எதுக்கு" என்றார். அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"நாய் வரல சார்" என்றேன். "நான்தான் தோண்டினேன். கோழி முட்ட மாதிரி உருட்டணும்னு நெனச்சு, மேலாப்புல இருந்தத எல்லாம் பொரட்டி வச்சேன். இந்தக் கரையில நாய்த் தொல்ல கெடையாது. எந்த நாயும் முட்டைய மோந்துகூடப் பாக்கல."

வனவர் என்னையே பார்த்தார். பிறகு பேனா மூடியை மறுபடி மாட்டினார்.

பின்னாலிருந்து செங்கமலம் கேட்டாள். சத்தம் போடவில்லை, மீன் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"வால் நுனியில வெள்ளை இருந்துச்சுன்னு சொன்னீங்களேண்ணே. நான்கூட நம்பிட்டேனே."

"அது நான் வச்சது" என்றேன்.